மரை எண்ணினால் போதாது

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் நம்மவர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டேன் சார், புதுசையும் அத்தனை சுற்றே ஏற்றிவிட்டேன். அலைன்மெண்ட் தண்டச் செலவு." படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். ஸ்டீயரிங் வேலையே பிழைப்பாக இருப்பவன் சொல்கிறேன், இது தவறு. கணக்காலேயே காட்டுகிறேன்.

ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் நுனியில் மரையில் ஏறும் பந்து மூட்டுதான் டை ராட் எண்ட். அந்த மரையின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 1.5 மி.மீ., ஸ்டீயரிங் ஆர்மின் நீளம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சுற்று பிசகினால் சக்கரம் ஏறத்தாழ 0.7 டிகிரி திரும்பிவிடும். 15 அங்குல ரிம்மில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அது சுமார் 4.7 மி.மீ. வித்தியாசம். 'டோ' எனப்படும் இந்த முன்-பின் வித்தியாசத்தில் பொதுவாக அனுமதிக்கப்படும் பிசகு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இந்த நிலையில் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால், முன் டயர்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 12 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகின்றன. டயர் விலையோடு அலைன்மெண்ட் கூலியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நான்தான் சரியாக எண்ணினேனே" என்பீர்கள். எண்ணிக்கை சரி, பாகம் அதே பாகம் இல்லையே! பந்தின் மையத்திலிருந்து மரை தொடங்கும் இடம் வரையுள்ள நீளம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம். அதைவிட முக்கியம், அந்தப் பழைய எண்ணிக்கை, தேய்ந்து ஆடிக்கொண்டிருந்த பாகத்தோடு யாரோ என்றோ வைத்த அளவு. அந்தத் தப்பை அப்படியே புதிய பாகத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். மரை எண்ணுவது அலைன்மெண்ட் கடை வரை மெதுவாக ஓட்டிப்போவதற்கு மட்டும்தான்.

இன்னும் மோசமான வழக்கம், கோணலாக நிற்கும் ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடுவது. ஸ்டீயரிங் ரேக் நடுவில் இல்லாமலேயே வண்டி நேராக ஓடும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். அவசரத்துக்கு ஒடிக்கும்போதுதான் அது தெரியவரும். ஏர்பேக் உள்ள காரில் அந்த வீலைத் தொடவே தொடாதீர்கள்.

ஸ்டீயரிங் வேலையை வீட்டில் செய்யவே கூடாது என்பதும் சரியல்ல. சமதரை, புல்லர், டார்க் ரெஞ்ச், ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்டு இருந்தால் டை ராட் எண்டைத் தாராளமாக மாற்றலாம். செங்கல் அடுக்கு ஸ்டாண்டு ஆகாது. அலைன்மெண்ட் செய்தால் ஆட்டம் போய்விடும் என்கிறார்கள், போகாது. முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஜாயிண்ட் 'கடக்' என்றால் மாற்றியே ஆக வேண்டும், கிரீஸ் உதவாது. மாற்றும்போது ஸ்பிளிட் பின் துளையும் நட்டின் பள்ளமும் நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்துகிறார்கள். கூடவே கூடாது! அடுத்த பள்ளம் வரை இறுக்கிப் புதுப் பின்னைப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது உயிரோடு விளையாடுவது.

"மல்லிக் பஜார் பழைய ஒரிஜினல், புதுசைவிட உறுதி" என்பது அடுத்த வாதம். கதவுப்பிடி, பம்பர் எல்லாம் அந்தப் பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்குங்கள். 15 ஆண்டு வரம்பு முடிந்து உடைக்கப்பட்ட மஞ்சள் டாக்சியின் பால் ஜாயிண்ட் வேண்டாம். டிராம் தண்டவாளங்களில் ஏறி இறங்கியே ஆயுள் தீர்ந்த சாமான் அது.

உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வண்டி. எளிமையான ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம். டாக்சிகள் ஒவ்வொன்றாகப் போகின்றன, தனியார் கையில் மிஞ்சியிருப்பவற்றையாவது காப்பாற்றியாக வேண்டும். ஆனால் பலர் தந்தனியாவிலும் ஆம்ஹெர்ஸ்ட் தெருவிலும் தேங்கிய மழைநீரில் ஓட்டிவிட்டு, ரேக்கின் ரப்பர் உறையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கிழிந்த உறை வழியாக நீர் புகுந்தால் கிரீஸ் போய்விடும், பற்களில் துரு ஏறும். துர்கா பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது டார்ச் அடித்து அந்த உறையைப் பாருங்கள். கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். டை ராட் எண்ட் மாற்றியிருந்தால் அன்றைக்கே அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள்.