வடித்துக் கொட்டும் தண்ணீர்

காயின் சத்தை யார் கெடுத்தது என்று கேட்டால் எல்லோரும் அடுப்பைக் காட்டுவார்கள். அடுப்புக்கும் பங்கு உண்டுதான். ஆனால் வைட்டமின் சி, பி1, ஃபோலேட் மூன்றும் நீரில் கரைபவை. நம் வீடுகளில் அவை அதிகம் போய்ச் சேரும் இடம் பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய். பொட்டாசியத்தை எந்தச் சூடும் அழிக்காது, அதுவும் வெந்த தண்ணீரோடு வெளியேறிவிடும்.

செய்ய வேண்டியவை

• கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு அலசினால், வெட்டிய இடமெல்லாம் சத்து ஒழுகும். துண்டு பெரிதாக இருந்தால் நல்லது. காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் இரவே நறுக்கித்தான் ஆகவேண்டும். தண்ணீரில் போடாமல் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

• தண்ணீர் கொதித்த பிறகு காயைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால், காயிலேயே இருக்கும் ஒரு நொதி அந்த வெதுவெதுப்பில் வைட்டமின் சியைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். கொதிநீர் அந்த நொதியைச் சீக்கிரம் முடக்கிவிடும்.

• இட்லிப் பானையைக் காய்க்கும் பயன்படுத்துங்கள். பீன்ஸ், காலிஃபிளவர் ஆவியில் வெந்தால் கரைத்துக்கொண்டு போகத் தண்ணீரே இல்லை.

• குக்கரைப் பழிக்காதீர்கள். உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டிப் போகிறது, உண்மை. ஆனால் நேரமும் குறைவு, தண்ணீரும் குறைவு. கெடுப்பது, பருப்புக்கு வைக்கும் விசில் கணக்கையே பீன்ஸுக்கும் வைப்பது.

• கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை மூன்றுக்கும் எண்ணெயோ தேங்காயோ சேருங்கள். அவற்றின் பீட்டா கரோட்டின் கொழுப்போடுதான் உடம்பில் நன்றாகச் சேரும். பச்சையாகத் தின்றால்தான் சத்து என்பவர்களுக்கு ஒரு செய்தி: வெந்த கேரட்டில் செல் சுவர் இளகிவிடுவதால் அந்தச் சத்து இன்னும் எளிதாகக் கிடைக்கிறது. தக்காளியின் லைகோபீனும் இதே கதை. தேங்காய்த் துருவல் தூவிய கேரட் பொரியலை நான் எந்த சாலட்டுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

• கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி துணை வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் அந்தத் துணை வீணாகும்.

• பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தாளியுங்கள். அதன் காரமான அல்லிசின் நசுக்கிய பிறகுதான் உருவாகிறது. சூடு பட்டுவிட்டால் உருவாகாது.

செய்யக்கூடாதவை

• கீரை பச்சையாக இருக்கட்டும் என்று ஆப்ப சோடா போடாதீர்கள். நிறம் நிற்கும், வைட்டமின் சியும் பி1-ம் நிற்காது. முதல் சில நிமிடம் மூடாமல் வேகவிடுங்கள். கீரையை மங்கவைக்கும் அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், நிறம் ஓரளவு தங்கும்.

• வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ரசத்துக்கு ஊற்றலாம், சாம்பாரில் சேர்க்கலாம், சப்பாத்தி மாவு பிசையலாம். சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்கள் மட்டும் பாலக் கீரை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும்.

• உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். தோலோடு வேகவைத்து உரியுங்கள். வாழைப்பூவுக்கு இந்தச் சட்டம் செல்லாது. மோர்த் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும்.

• வெள்ளீயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் காய் சமைக்காதீர்கள். செம்பு வைட்டமின் சி சிதைவதை விரைவாக்கும். புளி சேர்ந்தால் செம்பே குழம்பில் கரையும்.

• உருளை வறுவலைக் கருக விடாதீர்கள். மாவுச்சத்துள்ள கிழங்கு அதிகச் சூட்டில் வறுபடும்போது அக்ரிலமைடு உண்டாகிறது. பொன்னிறத்தோடு எடுத்துவிடுங்கள்.

• ஒரே பொரியலை மூன்று வேளை சூடுபண்ணாதீர்கள்.

தண்ணீரைக் கொட்டாதே என்று இத்தனை சொன்ன நானே கட்டாயம் கொட்டச் சொல்வது மரவள்ளிக்கிழங்குக்கு. அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது, தோலில் இன்னும் அதிகம். தோலை முழுக்க உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிடுங்கள். அரைவேக்காட்டு மரவள்ளியைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.