வட்டத்தின் பரப்பும் கிணற்றுக் கூலியும்

"வட்டத்தின் பரப்பு யாது?" என்று வினவினால் பத்தாம் வகுப்பு மாணவி எவளும் உறக்கத்திலும் "பை ஆர் ஸ்கொயர்" என்று விடை சொல்லிவிடுவாள். "ஏன் அப்படி?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தால்தான் வகுப்பறையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும்! சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் நீளத்தை அகலத்தால் பெருக்குகிறோம். அது கண்ணுக்குத் தெரிகிறது. நீளமும் அகலமும் இல்லாத வட்டத்தில் எதை எதால் பெருக்குவது? இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள நாங்கள் செய்து பார்த்தவற்றையும் படித்தவற்றையும் இங்கே தருகிறோம்.

முதலில் ஓர் எளிய வேலை. அட்டையில் ஒரு வட்டம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதை நடுவிலிருந்து பதினாறு துண்டுகளாக வெட்டுங்கள். முறுக்காத அப்பளத்தைப் பங்கு போடுவதுபோல! இப்போது ஒரு துண்டை நுனி மேலாகவும் அடுத்ததை நுனி கீழாகவும் மாற்றி மாற்றி அடுக்கினால், மேலும் கீழும் சற்று நெளிந்த ஒரு செவ்வகம் போன்ற உருவம் கிடைக்கும். துண்டுகளை முப்பத்திரண்டாக, அறுபத்துநான்காக ஆக்க ஆக்க நெளிவு மறைந்துகொண்டே போகும். அந்தச் செவ்வகத்தின் உயரம் வட்டத்தின் ஆரம். அதன் நீளம் சுற்றளவில் பாதி. ஏனெனில் பாதித் துண்டுகளின் வளைந்த ஓரம் மேலேயும் மறுபாதி கீழேயும் போய்விட்டன. ஆகவே பரப்பு என்பது பாதிச் சுற்றளவை ஆரத்தால் பெருக்குவதே. பாதிச் சுற்றளவு பை பெருக்கல் ஆரம். அதை இன்னொரு முறை ஆரத்தால் பெருக்கினால் நமக்குத் தெரிந்த சூத்திரம் வந்துவிடுகிறது.

இதைச் செய்து முடித்த அன்றுதான் எங்கள் கணித ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். காரி நாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்னும் பழந்தமிழ்க் கணித நூலில் வட்டத்தின் பரப்புக்குச் சொல்லப்பட்டுள்ள வழியும் இதுவேயாம். வட்டத்தில் பாதியை, அதாவது சுற்றளவில் பாதியை, விட்டத்தில் பாதியால் பெருக்கினால் குழி கிடைக்கும் என்கிறது அந்நூல். கி.பி. 499-இல் ஆரியபட்டர் வடமொழியில் எழுதிய நூலிலும் இதே விதி உண்டு. நம் பாடநூல் சூத்திரத்தைவிட இந்த விதி எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அப்பளத் துண்டுகளை அடுக்கிய செவ்வகம் அதில் அப்படியே தெரிகிறதல்லவா!

சுற்றளவுக்கும் கணக்கதிகாரம் ஒரு வழி கூறுகிறது. விட்டத்தை ஏழு பங்காக்கி, அதில் நான்கு பங்கை விட்டத்தோடு சேர்த்து, வந்ததை இரட்டிக்க வேண்டும். விட்டம் 7 என்றால் 7-உம் 4-உம் 11, இரட்டித்தால் 22. நம்முடைய இருபத்திரண்டின் கீழ் ஏழுதான்!

குழி என்றவுடன் பள்ளம் என்று எண்ணிவிடாதீர்கள். அது பரப்பின் அளவு. ஊருக்கு ஊர் இதன் அளவு மாறும். நம் செங்கல்பட்டுச் சீமையில் 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி கொண்டது ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. 28 அடி விட்டமுள்ள ஒரு வட்டமான களத்தை எடுத்துக்கொண்டால் சுற்றளவு 88 அடி, அதில் பாதி 44. விட்டத்தில் பாதி 14. இரண்டையும் பெருக்க 616 சதுர அடி. ஒரு குழிக்குச் சற்றே மேல். பெரியவர்கள் 'ஒரு குழிக் களம்' என்றால் எவ்வளவு பெரியது என்பது எங்களுக்கு இப்போதுதான் புரிகிறது.

மாமல்லபுரத்துக்குச் சென்றபோது கடற்கரை மணலில் இன்னொரு நிரூபணத்தைக் கண்டோம். படகுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் நைலான் கயிற்றை நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி, கோரைப்பாய் போலத் தட்டையாக வைத்திருந்தார். அந்தச் சுருளின் ஆரம் 35 செ.மீ., கயிற்றின் தடிமன் 1 செ.மீ. என்று கொள்வோம். ஓரத்திலிருந்து நடு வரை ஒரே வெட்டாக வெட்டி (மனத்துக்குள்தான், மீனவர் அண்ணன் கோபித்துக்கொள்வார்!) கயிறுகளை நேராக நீட்டிப் படுக்க வைத்தால், வெளிச் சுற்று 220 செ.மீ. நீளத்தில் அடியில் கிடக்கும். உள்ளே போகப் போகச் சுற்றுகள் குறுகி, கடைசியில் ஒரு புள்ளியாகும். கிடைப்பது முக்கோணம். அடிப்பக்கம் 220, உயரம் 35. பாதி பெருக்கல் 220 பெருக்கல் 35, ஆக 3850 சதுர செ.மீ. சூத்திரத்தில் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஆர்க்கிமிடிஸ், சுற்றளவை அடிப்பக்கமாகவும் ஆரத்தை உயரமாகவும் கொண்ட செங்கோண முக்கோணத்துக்கு வட்டம் சமம் என்று நிறுவினார். அவருடைய முக்கோணமும் இதுவே. கயிற்றை அவிழ்த்து அளந்தால் நீளம் ஏறத்தாழ 3850 செ.மீ., அதாவது முப்பத்தெட்டரை மீட்டர் இருக்கும் என்பதையும் அவிழ்க்காமலே சொல்லிவிடலாம்.

அங்கேயே வெண்ணெய்ப் பாறையின் முன் நின்று, இதன் குறுக்குப் பரப்பு எவ்வளவு இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் உருட்டி வைத்த உருண்டைதான். பின்னால் சென்று பாருங்கள், ஒரு பக்கம் உடைந்து தட்டையாக இருக்கிறது! சூத்திரத்தைக் கையில் எடுக்குமுன் பொருள் உண்மையிலேயே வட்டமா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும் போலும்.

நம் மாவட்டத்தில் வட்டம் என்றால் வேறொன்றும் நினைவுக்கு வரவேண்டும். மதுராந்தகம் வட்டத்துச் சானூரில் 1950-லும் 1952-லும், குன்னத்தூரில் 1955 முதலும் இந்தியத் தொல்லியல் துறையினர் பெருங்கற்கால ஈமச் சின்னங்களை அகழ்ந்து ஆராய்ந்தனர். இறந்தோரைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பெரிய கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். இவற்றைக் கல்வட்டம் என்பர். இத்தகைய வட்டத்தின் பரப்பை எப்படிக் காண்பது? நடுவில் கற்குவியல் இருக்கும். அதை மிதிப்பதும் கலைப்பதும் தகாது. மையம் எங்கே என்று தெரியாதபோது ஆரத்தை எங்கிருந்து அளப்பது?

வெளியே ஒரு கயிற்றைச் சுற்றினால் போதும். சுற்றளவைத் தன்னாலேயே பெருக்கி, அதை 7-ஆல் பெருக்கி, 88-ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 22 மீட்டர் என்றால் 484 பெருக்கல் 7, வகுத்தல் 88, ஆக 38.5 சதுர மீட்டர். விட்டம் 7 மீட்டர் என்று கண்டு பழைய விதிப்படி 11-ஐ 3.5-ஆல் பெருக்கினாலும் அதுவே வரும். மரத்தின் அடிப்பாகத்துக்கும், நெற்குதிருக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் இந்த வழி பொருந்தும். அதே 22 மீட்டர்க் கயிற்றால் சதுரம் அமைத்தால் பக்கம் 5.5 மீட்டர், பரப்பு 30.25 சதுர மீட்டர்தான். ஒரே கயிறு வட்டமாக நின்றால் எட்டே கால் சதுர மீட்டர் கூடுதலாக வளைத்துக்கொள்கிறது! குறிப்பிட்ட சுற்றளவுக்குள் மிகுந்த இடத்தை அடைப்பது வட்டமே.

இருபத்திரண்டின் கீழ் ஏழு என்பது முற்றிலும் சரியா என்று சிலர் கேட்கலாம். இல்லை. அது உண்மை மதிப்பைவிடச் சிறிது கூடுதல். பத்தாயிரம் சதுர அடி வட்டத்துக்கு நான்கு சதுர அடி கூட வரும். கிணறு வெட்டவும் களம் போடவும் இது ஒன்றும் பெரிதில்லை. ஆரியபட்டர் தந்த மதிப்பு 3.1416. எந்தப் பின்னத்தாலும் இம்மதிப்பை முழுமையாகச் சொல்ல இயலாது என்று லாம்பர்ட் 18-ஆம் நூற்றாண்டில் நிறுவினார். வட்டத்துக்குச் சமமான சதுரத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு துல்லியமாக வரையவே முடியாது என்பது 1882-இல் லிண்டெமன் என்னும் ஜெர்மானியர் செய்த நிரூபணத்தால் தெளிவாயிற்று. ஆயினும் நம் இராமானுஜன், 1913-இல், மிக நெருங்கிய ஒரு வரைதலை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 355-இன் கீழ் 113 என்னும் மதிப்பைக் கொண்டது அது. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலாக இருந்தாலும் சதுரத்தின் பக்கத்தில் வரும் பிழை ஏறத்தாழ ஓர் அங்குலமே என்று அவரே குறித்திருக்கிறார். தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு நிலத்தில் ஓர் அங்குலம்!

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஊர் பாலாற்றுக் கரையில் உள்ளது. அங்கு ஒரு நிலக்காரர் 14 அடி விட்டத்தில், 30 அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டக் கூலி பேசி, முடிந்ததும் கொடுத்தார். பிறகு வேறொரு கொல்லையில் அதே ஆழத்துக்கு 21 அடி விட்டத்தில் இன்னொரு கிணறு. "அகலம் ஒன்றரை மடங்கு, கூலியும் ஒன்றரை மடங்கு" என்றார் அவர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வெட்டத் தொடங்கிய சில நாளிலேயே ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முன்பு ஓர் அடி இறங்குவதற்கு ஏற்றிய மண் கூடைகளைப்போல் இரண்டு பங்குக்கும் மேல் இப்போது ஏற வேண்டியிருந்தது.

வேலையாட்களில் மூத்தவரான தாத்தா எங்கள் தோழியிடம், "பாப்பா, அகலத்தைக் கூட்டினா ஒரு பக்கமா தோண்டுறோம்? சுத்தி எல்லாப் பக்கமும் இல்ல தோண்டணும். உன் புஸ்தகத்துல பாத்துச் சொல்லும்மா" என்றாராம். அவள் அன்றிரவே கணக்கிட்டாள். முதல் கிணற்றின் வாய்ப் பரப்பு 22 பெருக்கல் 7, அதாவது 154 சதுர அடி. மண் 4,620 கன அடி. இரண்டாவதன் பரப்பு 33 பெருக்கல் 10.5, அதாவது 346.5 சதுர அடி. மண் 10,395 கன அடி. இது ஒன்றரை மடங்கன்று, இரண்டே கால் மடங்கு. ஒன்றரை மடங்குக் கூலி 6,930 கன அடிக்குத்தான் ஈடாகும். மீதி 3,465 கன அடி மண்ணை அவர்கள் கூலியின்றிச் சுமந்திருப்பார்கள். நிலக்காரர் ஏமாற்ற எண்ணினார் என்று நாங்கள் சொல்லமாட்டோம். விட்டம் வளர்ந்தால் பரப்பும் அதே மடங்கில் வளரும் என்று நினைப்பவர்கள் எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் உண்டு.

அவள் இரண்டு வட்டங்களையும் சரியான அளவு விகிதத்தில் அட்டையில் வெட்டி, சிறியதைப் பெரியதன்மேல் வைத்து நிலக்காரரிடம் காட்டினாள். அவர் முதலில் ஒப்பவில்லை. "பேசினது பேசினதுதான்" என்றார். தாத்தா அமைதியாக, வெட்டிய மட்டும் கூடைக் கணக்கைச் சொன்னார். முந்திய கிணற்றின் கூடைக் கணக்கையும் அவர் நினைவில் வைத்திருந்தார். இரண்டும் அட்டைக் கணக்கோடு ஒத்துவந்தன. நிலக்காரர் வீட்டுப் பெரியம்மாவும், "ஆளுங்க வயித்துல அடிக்காதப்பா" என்று சொல்லிவிட்டார். முடிவில் இரண்டு மடங்கு என்று பேசித் தீர்த்தார்கள். கால் மடங்கு இன்னும் பாக்கிதான் என்று எங்கள் தோழி முணுமுணுக்கிறாள். அதன் பிறகு அந்த ஊரில் வெட்டிய கிணற்றுக்கு யாரும் அகலத்தை வைத்துப் பேரம் பேசவில்லையாம். கன அடிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொண்டார்களாம்.