பெட்ரோல் இஞ்சின் பம்பு: ஓட்டும் முறையும் காக்கும் முறையும்

ஏற்றமும் கவலையும் கொண்டு நீர் இறைத்த நிலை மாறி, இஞ்சினாலும் மின்சாரத்தாலும் இறைக்கும் நிலை வந்து பல்லாண்டுகளாயின. சென்னை மாகாணத்தில் எண்ணெய் இஞ்சின் பாசனத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரிசோதித்து, குடியானவர்களிடையே பரவச் செய்தவர்களில் ஆல்பிரட் சாட்டர்டன் முதன்மையானவர். அக்காலத்து இஞ்சின்கள் கனமானவை. கொட்டகை கட்டி, மேடையின்மேல் நிலையாகப் பொருத்தப்பட்டவை. இப்போது வழங்கும் சிறிய பெட்ரோல் இஞ்சின் பம்போ இருவர் எளிதில் தூக்கிச் செல்லத்தக்கது. மின் இணைப்பு எட்டாத வயல்களிலும், வாய்க்கால், குட்டை, ஆறு ஆகியவற்றின் கரைகளிலும் இது மிகவும் உபயோகமானது. சொந்தமாக வாங்க இயலாதவர்க்கும் மணி வாடகைக்குக் கிடைக்கிறது.

எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பதே இதன் சிறப்பு. இதன் பெரும் அபாயத்துக்கும் அதுவே காரணம். கோடையில் கிணற்று நீர் கீழிறங்கும்போது, பம்பையும் நீரைத் தொடர்ந்து கிணற்றுக்குள் இறக்கிவிடலாம் என்னும் எண்ணம் எழுகிறது. அவ்வாறு இறக்கியதால் உயிரிழந்தவர் பலர். இயந்திரத்தை அறிந்து கையாளுவோர்க்கு இந்த அபாயம் நேர வேண்டுவதில்லை.

பம்பு நீரை இழுக்கும் உயரம்

பம்பு நீரை இழுக்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில், பம்பு உறிஞ்சு குழாயிலுள்ள காற்றை நீக்க, வெளியிலுள்ள காற்றின் அழுத்தமே நீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1643-ஆம் ஆண்டையொட்டிச் செய்த ஆராய்ச்சிகளால் இவ்வுண்மை விளங்கிற்று. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் தாங்கத்தக்க நீரின் உயரம் ஏறக்குறைய 34 அடி. எத்துணை வலிய இஞ்சினைப் பூட்டினாலும் இந்த எல்லையைக் கடந்து நீரை உறிஞ்ச இயலாது. உதகமண்டலம் போன்ற உயர்ந்த இடங்களில் காற்றின் அழுத்தம் குறைவாதலின், இந்த 34 அடியும் சுமார் 26 அடியாகிவிடும்.

குழாயில் ஏற்படும் உராய்வினாலும், இணைப்புகளில் சிறிது சிறிதாகப் புகும் காற்றினாலும் நடைமுறையில் இவ்வுயரம் மேலும் குறைகிறது. சமவெளியில் நல்ல பம்பும் 25 அடிக்கு மேல் உறிஞ்சுவது அரிது. 15 முதல் 20 அடிக்குள் இருந்தால் நீர் நிறைவாக வரும். ஆனால் பம்பை விட்டு வெளியேறும் நீருக்கு இந்த எல்லை இல்லை. இஞ்சினின் வலிமைக்குத் தக்கபடி அதனை மேலும் பல அடி உயரம் தள்ளலாம்.

ஆகவே, பம்பை வாங்குமுன்னும் வாடகைக்கு எடுக்குமுன்னும், பம்பு வைக்கப்படும் இடத்துக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள உயரத்தைக் கயிற்றில் கல்லைக் கட்டி அளந்தறிதல் வேண்டும். இறைக்கத் தொடங்கும்போது உள்ள நீர்மட்டத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. இறைத்து முடியும்போது நீர் எவ்வளவு இறங்கியிருக்குமோ அதுவே கணக்கு. அவ்வளவு 20 அடிக்கு மிகுமாயின், அந்தக் கிணற்றுக்கு இந்தப் பம்பு ஏற்றதன்று. நீர்மூழ்கி மின்சாரப் பம்பு, ஜெட் பம்பு, கம்பிரசர் ஆகியவற்றுள் இடத்துக்குப் பொருந்துவதை அமைத்துக்கொள்ளலாம். எதனை அமைப்பினும் இஞ்சின் தரையின்மேல் திறந்தவெளியிலேயே இருத்தல் வேண்டும்.

கிணற்றுக்குள் இஞ்சின் ஓடினால் நேர்வது

பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் புகையில் கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு கலந்துள்ளது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் உண்டாக்குவதில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைத் தாங்கிச் செல்லும் ஹீமோகுளோபின் என்னும் பொருளோடு இது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் சேர்ந்துகொள்கிறது. அதனால் மூச்சு தடையின்றி ஓடும்போதே உடல் பிராணவாயு இன்றித் தவிக்கிறது. முதலில் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றும். பின்னர்க் கால்கள் வலுவிழக்கும். அபாயத்தை உணர்ந்த பிறகும் படியேறி வர முடியாமற் போவது இதனாலேயே.

இதன் வேகத்தை ஒரு கணக்கால் அறியலாம். ஐந்து குதிரைத்திறன் கொண்ட சிறு இஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது நிமிஷத்துக்கு இருநூறு லிட்டருக்கு மேல் புகை விடுகிறது. புகையில் நூற்றுக்கு நான்கு பங்கு விஷவாயு என்று கொண்டால், நிமிஷத்துக்கு எட்டு அல்லது ஒன்பது லிட்டர் ஆகும். பத்தடி விட்டமும், நீருக்குமேல் இருபதடி ஆழமும் உள்ள கிணற்றில் அடங்கும் காற்று ஏறக்குறைய 44,000 லிட்டர். வெளிக்காற்று கலவாதாயின், ஐந்தாறு நிமிஷங்களில் ஆயிரத்துக்கு ஒரு பங்கும், இருபது நிமிஷங்களில் ஆயிரத்துக்கு நான்கு பங்கும் விஷவாயு சேர்ந்துவிடும். முதல் அளவு ஓரிரு மணி நேரத்தில் உயிரைப் போக்கத்தக்கது. இரண்டாவது அளவுக்கு அரைமணி நேரமே போதும். இஞ்சினைச் சூழ்ந்த இடத்தில் இதனினும் மிகுதியாக இருக்கக்கூடும்.

கிணற்றின் வாய் திறந்திருக்கிறதே, காற்றோடும் என்று சிலர் கருதுகின்றனர். ஆழ்ந்த கிணற்றின் அடியிலுள்ள காற்று எளிதில் மாறுவதில்லை. இஞ்சினை நிறுத்திய பின்னரும் விஷவாயு நெடுநேரம் தங்கி நிற்கும். பெட்ரோல் ஊற்றவோ, நின்ற இஞ்சினை மறுபடி ஓட்டவோ இறங்குபவர் இதற்கு இரையாகின்றனர்.

கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் கரியமில வாயு மிகுந்து, பிராணவாயு குறைந்துள்ளது என்று அறியலாம். அம்மட்டில் அது நன்றே. ஆனால் ஆயிரத்துக்கு நான்கு பங்கு கார்பன் மானாக்ஸைடு உள்ள காற்றிலும் விளக்கு அணையாது, மனிதரே மாள்வர். மேலும், பெட்ரோல் ஆவி தங்கிய கிணற்றில் விளக்கை இறக்கினால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். ஆதலால் இஞ்சின் ஓடிய கிணற்றுக்கு விளக்குச் சோதனை சிறிதும் உதவாது.

ஒருவர் மயங்கி விழுந்தால்

முதலில் இறங்கியவர் விழக் கண்டதும், மகனோ தம்பியோ பதறி உடனே உள்ளே இறங்குவது இயல்பு. அவரும் அதே காற்றையே சுவாசித்து விழுகிறார். சில நேரங்களில் மூன்றாமவரும் விழுகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவதும், ஈரத்துணியை முகத்தில் கட்டுவதும் பயனற்றவை. துணி இவ்வாயுவைத் தடுக்காது.

செய்யத்தக்கவை இவை: ஒருவரையும் இறங்கவிடாமல் தடுத்தல், 101 என்னும் எண்ணில் தீயணைப்பு மீட்புப் படையையும், 108 என்னும் எண்ணில் ஆம்புலன்சையும் அழைத்து, இஞ்சின் புகையால் நேர்ந்த விபத்து என்று தெளிவாகச் சொல்லுதல், விழுந்தவருக்கு உணர்வு இருந்தால் கயிற்றை இறக்கி, இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி மேலே இழுத்தல். மேலே கொணர்ந்தவரை நல்ல காற்றில் கிடத்தி, மூச்சு நின்றிருந்தால் பழகியவர்கள் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தொடங்க வேண்டும். அவருக்கு விரைவில் பிராணவாயு கொடுப்பதே சிகிச்சையாதலின், தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் அவசியம்.

வைக்கும் இடமும் ஓட்டும் முறையும்

பம்பு, நீர்நிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கலாமோ அவ்வளவு அருகில், சமமான உறுதியான தரையில் இருத்தல் வேண்டும். சாய்வாக வைத்தால் இஞ்சின் ஆயில் ஒருபுறம் ஒதுங்கி, உராயும் பாகங்கள் வறண்டு கெடும். வைக்கோற்போர், கூரை, காய்ந்த புல் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் ஓட்டலாகாது. அங்கும் கிணற்றில் நேர்வதே நேரும்.

உறிஞ்சு குழாய் உறிஞ்சும்போது ஒட்டிப்போகாத கெட்டியான ஓஸாக இருத்தல் வேண்டும். இணைப்புகளில் ரப்பர் வாஷர் இட்டு இறுக முடுக்குதல் நலம். ஊசித் துளையளவு ஓட்டையும் காற்றை உள்ளிழுத்து நீர்வரவைத் தடுக்கும். அடிநுனியிலுள்ள சல்லடையைச் சேற்றில் புதையவிடாமல் ஒரு கூடைக்குள் வைத்து இறக்கினால் மணலும் குப்பையும் ஏறா.

ஓட்டுமுன் பம்பின் வயிற்றில் நீர் நிரப்புதல் இன்றியமையாதது. நீரின்றிச் சில நிமிஷங்கள் ஓடினாலும் உள்ளிருக்கும் சீல் சூடேறிக் கெட்டுவிடும். பின்னர்ப் பெட்ரோல் குழாயைத் திறந்து, இஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை மூடி, கயிற்றைத் தடை தென்படும்வரை மெல்ல இழுத்து, அதன்பின் விரைந்து இழுக்க வேண்டும். கயிற்றைக் கைவிடாமல் மெதுவாகத் திரும்பச் செல்ல விடுதல் நலம். இஞ்சின் பற்றியபின் சோக்கைத் திறந்துவிட மறக்கலாகாது. தோளில் தொங்கும் துண்டையும் தளர்ந்த வேட்டியையும் முன்னரே இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். சைலன்சரைத் தொட்டால் தோல் வெந்துவிடுமாதலால் சிறுவரை அருகில் விடலாகாது. வெளிக்குழாயை நெடுநேரம் அடைத்து வைத்தால் பம்பிலுள்ள நீர் கொதிப்பேறும்.

பெட்ரோலைக் கையாளுதல்

மண்ணெண்ணெயைப் போன்றதே பெட்ரோல் என்று எண்ணுவது பிழை. பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை அது வெளியிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதாதலால், பள்ளத்தில் படிந்து, தொலைவிலுள்ள பீடி நெருப்பிலும் பற்றிக்கொள்ளும். இஞ்சின் ஓடும்போதும், சூடாறாதபோதும் பெட்ரோல் ஊற்றலாகாது. நிறுத்திப் பதினைந்து நிமிஷம் ஆறவிட்டு, புனல் வைத்து, கழுத்துவரை நிரப்பாமல் சிறிது இடம் விட்டு ஊற்ற வேண்டும். சிந்தியதைத் துடைத்து, ஆவி முற்றிலும் போனபின்னரே இஞ்சினை முடுக்க வேண்டும்.

1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பாத்திரமாயின் ஒரு லிட்டருக்கும், உலோகப் பாத்திரமாயின் 25 லிட்டருக்கும் மிகாத கொள்ளளவு உடையதாய் இருத்தல் வேண்டும். பாத்திரத்தை அடுப்பங்கரையிலும், படுக்குமிடத்திலும் வைக்கலாகாது. தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். ஆகவே பாசனப் பருவம் முடிந்ததும், தொட்டியிலும் கார்புரேட்டரிலும் உள்ளதை வடித்துவிட்டே இஞ்சினை ஒதுக்கி வைக்க வேண்டும்.

பராமரிப்பு

இங்குச் சொல்பவை பொதுவான விதிகள். இஞ்சினோடு வரும் கையேட்டில் வேறு அளவு காட்டப்பட்டிருந்தால் அதனையே கைக்கொள்ள வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒவ்வொரு நாளும் ஓட்டுமுன் ஆயில் அளவைப் பார்த்தல் வேண்டும். புது இஞ்சினில் முதல் 20 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றி, அதன்பின் 100 மணிக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ மாற்றுவது நன்று. வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது.

காற்று வடிகட்டியை 50 மணிக்கு ஒருமுறையும், புழுதி மிகுந்த காலத்தில் அதற்கு முன்னரும் சுத்தம் செய்தல் வேண்டும். பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, உலர்த்தி, ஆயிலில் தோய்த்துப் பிழிந்து பொருத்த வேண்டும். வடிகட்டி அடைபட்டால் காற்றுக் குறைந்து, பெட்ரோல் அரைகுறையாக எரியும், புகை கறுக்கும், செலவு கூடும், விஷவாயுவும் மிகும். ஸ்பார்க் பிளக்கின் கரியை நீக்கி, இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருக்குமாறு செய்தல் வேண்டும். கலங்கல் நீரை இறைத்த நாளில், முடிவில் தெளிந்த நீரைச் சிறிது ஓடவிட்டு, பம்பிலுள்ள நீரை வடித்துவிட்டால் உட்பாகங்கள் நீடித்து உழைக்கும்.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு

பங்குனி, சித்திரை மாதங்களில் கிணறுகள் வற்றத் தொடங்குமுன்பே, கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இச்செய்தியைக் கிராமக் கூட்டங்களில் எடுத்துரைத்தல் நலம். பம்பை வாடகைக்கு விடுவோர், அதனை எந்தக் கிணற்றுக்குக் கொண்டுபோகிறார்கள், நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கேட்டறிந்த பின்னரே கொடுத்தல் வேண்டும். நிலவுடையோர் கூலியாட்களைக் கொண்டு பம்பைக் கிணற்றுப் படியில் இறக்கச் செய்வாராயின், அவ்வுயிர்களுக்கு அவரே பொறுப்பாவார்.

நீர் எட்டாத நாளில் ஒரு போகம் வாடலாம். அடுத்த மழையில் நிலம் மறுபடி விளையும். உயிர் அவ்வாறு மீள்வதன்று. குழாய் கிணற்றுக்குள்ளும் இஞ்சின் வெளியிலும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதிகளுக்கெல்லாம் தலையாய விதி.