கூச்சல் போட்டால் வண்ணத்துப்பூச்சி ஓடிவிடுமா?

கேள்வி: தை மாதத்தில் எங்கள் பள்ளியின் பசுமைப் படைப் பிள்ளைகள் நாற்பது பேரை ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்கு அழைத்துப் போனோம். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். பூங்கா திறந்ததும் முதல் ஆளாய் நுழைந்துவிட்டோம். வானம் மூட்டமாக இருந்தது. ஒரு மணி நேரம் சுற்றியும் நாலைந்து பூச்சிகள்தான் கண்ணில் பட்டன. ‘பேசாதே, பேசாதே’ என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிள்ளைகளின் கூச்சலில் எல்லாம் பறந்துவிட்டன என்கிறார் உடன் வந்த பெற்றோர் ஒருவர். அப்படித்தானா? அடுத்த முறை இவர்களை எப்படி அடக்குவது?
— ஆசிரியை ஒருவர், உறையூர்

பதில்: அந்தப் பெற்றோரின் சந்தேகம் பலருக்கும் உண்டு. ஆனால் பிள்ளைகள் மேல் பழி போட இடமில்லை, டீச்சர். வண்ணத்துப்பூச்சிக்கு நம்மைப் போல் காது கிடையாது. சில இனங்களுக்கு மட்டும் முன்சிறகின் அடியில் ‘வோகல் உறுப்பு’ உண்டு. ஒலி பட்டால் அதிரும் மெல்லிய சவ்வு அது. பறவை நெருங்கும் ஓசையை உணர அது உதவுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனவே எல்லாமே செவிடு என்று சொல்ல முடியாது. அதற்காக நாற்பது பிள்ளைகள் பேசியதில் சுமார் 25 ஏக்கர் பூங்கா காலியாகிவிடாது. (பறவை பார்க்கப் போனால் கதை வேறு. அங்கே வாயை மூடித்தான் ஆக வேண்டும்.)

உண்மையான காரணம் வெயில். வண்ணத்துப்பூச்சி ஒரு புறவெப்ப உயிரி. அதாவது, உடல் சூட்டுக்குப் பெரும்பாலும் வெளியையே நம்பியிருப்பது. சிறகை அசைக்கும் தசைகள் அதன் மார்பில் இருக்கின்றன. அந்த மார்பு ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினால்தான் பெரும்பாலானவை ஒழுங்காகப் பறக்க முடியும். வெயில் வந்ததும் சிறகை விரித்துக் காயும். சூடேறிய பிறகு கிளம்பும். நீங்களோ கோயிலில் விடியற்காலை விஸ்வரூப தரிசனத்துக்குப் போவதுபோல் முந்திக்கொண்டு போய் நின்றிருக்கிறீர்கள்! மூட்டமான காலையில் அவை இலைகளுக்கு இடையே சிறகை மூடி உட்கார்ந்திருக்கும். பல இனங்களின் சிறகுகளுக்கு அடிப்பக்க நிறம் மங்கல். பக்கத்திலேயே நடந்து போனாலும் தெரியாது. தை மாதத்தில் பத்து மணிக்கு மேல், வெயில் விழுந்த பிறகு போய்ப் பாருங்கள். சித்திரையில் இதற்கு நேர்மாறு: உச்சி வெயிலில் அவையே நிழல் தேடி ஒதுங்கிவிடும்.

அவற்றை விரட்டுவது சத்தத்தைவிட அசைவுதான். கூட்டுக்கண், அதாவது ஆயிரக்கணக்கான சிறு கண்ணறைகள் சேர்ந்த கண், அசைவைச் சட்டென்று பிடித்துவிடும். மேலே நிழல் விழுந்தாலும் போதும், எழும்பிவிடும். ஆகவே பிள்ளைகளின் வாயை விட்டுவிட்டுக் காலைக் கவனியுங்கள். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் வீதம் பிரித்து, இடைவெளி விட்டு அனுப்புங்கள். நிழல் முதுகுப் பக்கம் விழும்படி சூரியனைப் பார்த்தே நடக்கட்டும். செல்போன் படங்கள் கறுப்பாக வரும், வரட்டும்.

மறுபடியும் வானம் மூடிக்கொண்டால் செடிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புழுக்கள் பறந்து போவதில்லையே! எருக்கிலையில் வெந்தய வரியனின் புழு இருக்கும். எலுமிச்சை, நாரத்தை இலைகளில் எலுமிச்சை அழகியின் புழு. இந்த இரண்டாவது புழு சிறியதாக இருக்கும்போது அசல் பறவை எச்சம் போலவே தெரியும். பறவை ஏமாறட்டும் என்றுதான் அந்த வேஷம். ஏழாம் வகுப்புக்கு இதைவிட மகிழ்ச்சியான பாடம் கிடைக்காது. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். இதைச் சொன்னால் எல்லாரும் சீண்டிப் பார்ப்பார்கள். சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

 

இன்னொன்று. 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை யாராவது கட்டாயம் கேட்பார்கள். அது மலைக்காட்டுப் பூச்சி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் இந்தப் பூங்காவில் தேடிப் பயனில்லை, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போக வேண்டும். அந்தச் செலவுக்குத் தலைமையாசிரியர் ஒப்புவாரா என்பது நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல.