யூரியா கரைசலின் குளிர்ச்சியும் சுண்ணாம்பின் கொதிப்பும்

விளையாட்டு மைதானத்தில் ஒருவருக்குக் கால் சுளுக்கினால், ஒரு பிளாஸ்டிக் பையை அழுத்திக் குலுக்கி வீக்கத்தின்மேல் வைப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். சில விநாடிகளில் பை ஐஸ் போலக் குளிர்ந்துவிடும். இத்தகைய பைகள் பலவற்றில் இருப்பது உழவர்கள் நன்கறிந்த யூரியாதான். வெளிப்பையில் யூரியா, உட்பையில் தண்ணீர். உட்பை உடைந்ததும் யூரியா கரைகிறது.

கரைவதற்கு வெப்பம் தேவை. ஒரு கிராம் யூரியா கரைய ஏறக்குறைய 58 கலோரி வெப்பத்தைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பயிருக்குத் தெளிக்கும் 2 சதக் கரைசலில் குளிர்ச்சி ஒரு டிகிரி அளவே, கைக்குத் தெரியாது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோவைக் கெட்டியாகக் கரைத்தால் 15 டிகிரிக்கு மேல் குறையும். வாளியின் வெளிப்புறம் வியர்க்கும். வேப்பெண்ணெய் பூசிய யூரியாவும் இப்படியே. அம்மோனியம் நைட்ரேட் இன்னும் அதிகமாகக் குளிரும். ஆனால் வெடிபொருளுக்கும் அது பயன்படுவதால், 2012ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு.

குளிர்ந்த அந்த வாளியைத்தான் கவனிக்க வேண்டும். வெயிலில் தாகத்துடன் வரும் மாட்டிற்கு அது வெறும் தண்ணீர். 10 லிட்டர் கொண்ட 2 சதக் கரைசலில் 200 கிராம் யூரியா இருக்கிறது. யூரியா தின்று பழகாத 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு 150 கிராமே நஞ்சாகலாம். 300 கிராம் உயிரைப் பறிக்கலாம். முதல் வயிற்றில் யூரியா அம்மோனியாவாக மாறி இரத்தத்தில் கலப்பதே காரணம். அரை மணி, ஒரு மணி நேரத்திற்குள் வாயில் நுரை, வயிறு உப்புதல், தசைத் துடிப்பு, தள்ளாட்டம் ஆகியன காணும். உடனே 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வினிகரையும் குளிர்ந்த நீரையும் குழாய் மூலம் வயிற்றுக்குள் செலுத்துவார். துடிக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் சென்றுவிடும். மீந்த கரைசலை வாளியில் விட்டுவைக்காமல் அன்றே வயலில் ஊற்றிவிடுவது நல்லது. யூரியா சாக்கை அலசிய தண்ணீரும் தொட்டிப் பக்கம் போகக் கூடாது.

குளிர் பையை மனிதருக்குப் பயன்படுத்தும்போது துணி சுற்றி, 15 நிமிடம் வைத்தால் போதும். பாம்புக் கடிக்குக் குளிர் ஒத்தடம் கூடவே கூடாது.

வெப்பப் பைகளில் கால்சியம் குளோரைடு போன்றவை கரையும்போது வெப்பத்தை வெளிவிடுகின்றன. தோட்டத்தில் இதைவிடப் பெரிய வெப்பப் பை, போர்டோ கலவைக்கு வாங்கும் சுட்ட சுண்ணாம்பு. ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு நீறும்போது வெளிப்படும் வெப்பம் சுமார் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எனவே அகலமான மண் பாத்திரத்தில் சுண்ணாம்பை இட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து நீற்ற வேண்டும். முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளும் பக்கத்தில் நிற்க வேண்டாம். மழையில் நனைந்த சுண்ணாம்பு மூட்டையின் சூட்டில் சாக்கும், அருகிலுள்ள வைக்கோலும் தீப்பற்றக்கூடும். கண்ணில் பட்டால் துகள்களை ஈரத்துணியால் மெல்ல எடுத்துவிட்டு, 20 நிமிடத்திற்குக் குறையாமல் ஓடும் நீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.