பதக்கத்தைப் படிக்கும் வேலை

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஒருவர் காலமானபின் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டி வெளியே வரும். நாலைந்து பதக்கங்கள், சட்டையில் குத்தும் ரிப்பன் வரிசை ஒன்று, சில வீடுகளில் மடித்துவைத்த பழுப்புக் காகிதமும் இருக்கும். பிள்ளைகளுக்கு விவரம் தெரியாது. ஏல நிறுவனத்துக்கோ, உள்ளூர் அருங்காட்சியகத்துக்கோ, வாரிசுச் சொத்தை மதிப்பிடுபவரிடமோ கொண்டுபோவார்கள். இது என்ன, எந்தக் காலத்தது, யாருடையது, அசலா என்ற நான்கு கேள்விகளுக்கும் அங்கே ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் உட்கார விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பதக்கத்தின் பெயரைச் சொல்ல ஒரு நல்ல படப்புத்தகம் போதும். அதை அணிந்தவரோடு ஆதாரம் காட்டி இணைப்பதுதான் கடினம். உங்களுக்குக் கூலி கிடைப்பதும் அதற்காகத்தான். முதல் உலகப் போருக்குப் போன மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரரின் பிரிட்டிஷ் பதக்கத்தை எடுத்தால், விளிம்பிலேயே எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அமெரிக்கப் பதக்கங்களில் பெரும்பாலானவை பெயரில்லாமலே வழங்கப்பட்டவை. எனவே பதக்கம் தானாகப் பேசாது. சுற்றியிருப்பவற்றைக் கொண்டுதான் அதைப் பேசவைக்க வேண்டும்.

ரிப்பனிலிருந்து தொடங்குங்கள்

பலரும் பளபளப்பான பதக்கத்தைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். நீங்கள் ரிப்பன் வரிசையை எடுங்கள். அது ஒரு மனிதரின் பணி வரலாறு. படிக்கத் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் பாதி வேலை முடிந்துவிடும். வரிசைக்கு இலக்கணம் உண்டு. எதிரே நின்று பார்க்கும் நமக்கு, மேல் வரிசையின் இடது ஓரத்தில் இருப்பது உயர்ந்த விருது. அங்கிருந்து வலப்பக்கமாக, பிறகு அடுத்த வரிசைக்கு என்று இறங்கிக்கொண்டே போகும். வீரத்துக்கும் காயத்துக்கும் உரியவை முதலில், நன்னடத்தை அடுத்து, போர்க்களப் பணி அதற்குப் பின், வெளிநாட்டு விருதுகள் கடைசியில்.

இப்படி ஒரு வரிசை உங்கள் மேசைக்கு வருகிறது என்று வையுங்கள்: பர்ப்பிள் ஹார்ட், ராணுவ நன்னடத்தை, அமெரிக்கக் களம், ஆசிய-பசிபிக் களம், இரண்டாம் உலகப் போர் வெற்றி, ஆக்கிரமிப்புப் படை, தேசியப் பாதுகாப்பு, கொரியப் பணி, கடைசியாக ஐக்கிய நாடுகள் சபையின் கொரியப் பதக்க ரிப்பன். நன்னடத்தை ரிப்பன் ராணுவத்துக்கு உரியது என்பதால் இவர் கடற்படைக்காரர் அல்லர், சிப்பாயாகச் சேர்ந்தவர். பசிபிக் ரிப்பனில் சிறிய வெண்கல நட்சத்திரம் இரண்டு இருந்தால் இரண்டு போர் நடவடிக்கைகள். வெண்கல அம்புமுனையும் இருந்தால் எதிரியின் கரையில் தரையிறங்கியோ வானிலிருந்து குதித்தோ தாக்கியவர்களில் ஒருவர். போர் முடிந்தும் ஆக்கிரமிப்புப் படையில் இருந்திருக்கிறார், கொரியாவுக்கும் போயிருக்கிறார். தேசியப் பாதுகாப்புப் பதக்கம் 1953-இல்தான் ஏற்படுத்தப்பட்டது. ஆகவே ‘இரண்டாம் உலகப் போர்க்கால ரிப்பன் வரிசை’ என்று குடும்பம் சொன்னாலும், இந்த வரிசை கோக்கப்பட்டது 1953-க்கு முன்பு அல்ல.

ஒரு வரிசையில் எது மிகப் புதியதோ, அதுவே அந்த வரிசையின் வயதுக்கு வரம்பு. இந்த ஒரு விதியைக் கைவசப்படுத்திக்கொண்டால் கேட்லாக்கில் வரும் தவறுகளில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

ரிப்பன்மேல் குத்தியிருக்கும் சிறு உலோகத் துண்டுகளும் சாட்சிகள்தாம். ஒரே விருதை இரண்டாம் முறை பெற்றால் ராணுவமும் விமானப்படையும் ஓக் இலைக் கொத்தைக் குத்தும். கடற்படையும் மரீன் படையும் தங்க நிற நட்சத்திரத்தைக் குத்தும். பர்ப்பிள் ஹார்ட்டின் மேல் தங்க நட்சத்திரம் இருந்தால் தேட வேண்டியது கடற்படை, மரீன் ஆவணங்களில். வெள்ளி இலை ஒன்று வெண்கல இலை ஐந்துக்குச் சமம். வண்ணங்கள் சொல்லாததும் உண்டு: அசாமின் லெடோவிலிருந்து பர்மாவுக்குச் சாலை போட்ட அமெரிக்கருக்கும் குவாடல்கனாலில் சண்டையிட்டவருக்கும் கிடைத்தது ஒரே ஆசிய-பசிபிக் ரிப்பன்தான். அவர் எந்தக் களத்தில் நின்றார் என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

அசல், ஆனால் எப்போதைய அசல்?

புதியவர்கள் அசல், போலி என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது பெட்டி ஒன்று இருக்கிறது. அதில்தான் சரக்கு அதிகம். இரண்டாம் உலகப் போரின்போது களப் பதக்கங்களுக்கு ரிப்பன்கள் மட்டுமே கிடைத்தன. ஐரோப்பிய-ஆப்பிரிக்க-மத்தியக் கிழக்குக் களப் பதக்கம் முதன்முதலாக ஐசன்ஹோவருக்கு வழங்கப்பட்டதே 1947-இல். 1945-இல் வீடு திரும்பிய சிப்பாய் ரிப்பனோடுதான் போனார். பதக்கம் வேண்டுமென்றால் பின்னால் எழுதிக் கேட்க வேண்டும். பலர் பல பத்தாண்டுகள் கழித்துக் கேட்டு வாங்கினார்கள். அரசு கொடுத்தது, அவருக்கே உரியது, ஆனால் போர்க்காலத் தயாரிப்பு அல்ல. விவரக் குறிப்பில் இதைத் தெளிவாக எழுதுங்கள். வாங்குபவருக்கு விலையில் பெரிய வித்தியாசம். குடும்பத்துக்கோ மதிப்பில் ஒரு குறையும் இல்லை.

தயாரிப்புக் காலத்தைக் கண்டுபிடிக்கப் பதக்கத்தைத் திருப்புங்கள். ரிப்பனைத் தாங்கும் பின்ஊசிச் சட்டம்தான் முதல் தடயம். முதல் உலகப் போர்க்காலத்தில் ரிப்பன் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சட்டத்திலுள்ள துளை வழியாக நுழைந்து வரும். பிற்காலத்தில் உலோகச் சட்டத்தின் ஓரத்தை மடித்து ரிப்பனை நசுக்கிப் பிடித்திருப்பார்கள். அடுத்தது புற ஊதா விளக்கு. பிற்காலச் செயற்கை இழையும் வெண்மையூட்டிய நூலும் அதன் கீழ் ஒளிரும். பழைய பருத்தியும் பட்டும் ஒளிராது. ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். சலவைத்தூளில் ஒருமுறை நனைந்த பழைய ரிப்பனும் ஒளிரும். பழைய பதக்கத்தில் புது ரிப்பனை மாட்டியிருக்கவும் கூடும். இரண்டு மூன்று தடயங்கள் ஒரே காலத்தைக் காட்டினால்தான் காலம் எழுதலாம்.

ஒரு பதக்கத்தையாவது முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவரைவிட, ஒன்றை அடிமுடி அறிந்தவரைத்தான் இந்தத் துறை தேடி வருகிறது. என்னைக் கேட்டால் பர்ப்பிள் ஹார்ட்டை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 1782 ஆகஸ்ட் 7 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் சிப்பாய்களுக்கென ஏற்படுத்திய தகுதிச் சின்னம் அதன் மூதாதை. 1932 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் இருநூறாவது பிறந்தநாளில், டக்ளஸ் மக்ஆர்தர் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தபோது அது புது உருவில் மீண்டது. எலிசபெத் வில் வரைந்த வடிவத்துக்கு ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையின் ஜான் சின்னாக் மாதிரி செய்தார். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களும் அப்போது விண்ணப்பித்து வாங்கினார்கள். ஆகவே 1930-களில் செய்த பதக்கத்துக்கு உரியவர் 1918-இல் காயம்பட்டவராக இருக்கலாம். தொடக்கத்தில் சிறந்த பணிக்காகவும் இதை வழங்கினார்கள் என்பதை மறக்கக் கூடாது. கடற்படைக்கும் மரீன் படைக்கும் இது விரிந்தது 1942 டிசம்பரில்.

ஆரம்பகாலப் பதக்கங்களின் ஊதா நிறம் எனாமல். போர்க்காலத்தில் அது பிளாஸ்டிக் ஆனது. ராணுவத்துக்கான பழைய பதக்கங்களின் விளிம்பில் எண் இருக்கும். அந்த எண் தயாரிப்பின் காலத்தைக் காட்டும்; பெரும்பாலும் அதிலிருந்து பெயருக்குப் போக வழியில்லை. ஜப்பான்மீது படையெடுக்கப் போகிறோம் என்று எண்ணி லட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். படையெடுப்பு நடக்கவில்லை. அந்தக் கையிருப்பிலிருந்து கொரியா, வியட்நாம் போர்களுக்குப் பிறகும் எடுத்துக் கொடுத்தார்கள். 1945-இல் செய்த பதக்கத்தை 1968-இல் காயம்பட்டவர் அணிந்திருக்க முடியும்.

போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த பர்ப்பிள் ஹார்ட்டின் பின்புறம் பெயர் பொறிக்கப்பட்டது. ஏலத்தில் அதிக விலை பெறுவதும் போலிப் பொறிப்பு அதிகம் நுழைவதும் இங்கேதான். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பழைய பொறிப்பின் பள்ளத்திலும் சுற்றியுள்ள பரப்பின் அதே பழுப்பு படிந்திருக்க வேண்டும். பள்ளம் மட்டும் புதிதாய் மின்னினால் நிறுத்துங்கள். எழுத்தின் வடிவை, உறுதியான பின்னணியுள்ள பதக்கங்களின் படங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு பெயரைச் சரிபாருங்கள். ராணுவத்தின் இறந்தோர், காணாமற்போனோர் பட்டியலைப் போர்த்துறை 1946-இல் மாவட்ட வாரியாக வெளியிட்டது. வெளிநாட்டு மண்ணில் அடக்கமானவர்களையும் காணாமற்போனவர்களையும் அமெரிக்கப் போர் நினைவுச்சின்ன ஆணையத்தின் பதிவில் தேடலாம். பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. போலி செய்பவரும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறார்.

காகிதம் எங்கே இருக்கிறது

பணிப்பதிவுகள் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கின்றன. படையை விட்டு 62 ஆண்டுகள் ஆனவர்களின் கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். 1973 ஜூலை 12 அன்று அங்கே பற்றிய தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி முதல் நாள் வரை ராணுவத்திலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு போய்விட்டது. கடற்படை, மரீன் கோப்புகள் தப்பின. ‘ஆவணம் எரிந்துவிட்டது’ என்ற பதிலோடு பலர் தேடலை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். கடைசிச் சம்பள ரசீது, படைப்பிரிவின் காலை அறிக்கை, வீட்டிலிருக்கும் விடுவிப்புச் சான்று, உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய இதழ் ஆகியவற்றைச் சேர்த்தால் பல சமயம் ஆளை மீட்டுவிடலாம். அதனால்தான் குடும்பத்தார் பதக்கம் கொண்டுவரும்போது, ‘காகிதம் எதையும் தூக்கிப்போடாதீர்கள், காலி உறையாக இருந்தாலும் கொண்டுவாருங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதக்கம் வந்த அட்டைப்பெட்டியில் ஒப்பந்தத் தேதி அச்சிட்டிருந்தால், நீங்கள் தேடிய விடை அதிலேயே கிடைக்கலாம்.

தொடக் கூடாதது

மெடல் ஆஃப் ஹானரை விற்பதும் வாங்குவதும் அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம். உள்நாட்டுப் போர்க் காலத்துப் பழைய வடிவமாக இருந்தாலும் விலை சொல்லாதீர்கள், இருப்பில் எடுக்காதீர்கள். மேலாளரிடமும் வழக்கறிஞரிடமும் உடனே சொல்லுங்கள். பொது அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுப்பது குடும்பத்துக்குத் திறந்திருக்கும் நேர்வழி. மற்றப் பதக்கங்களைச் சேர்க்கவும் விற்கவும் தடையில்லை. பெறாத விருதைப் பெற்றதாகச் சொல்லிப் பணமோ பலனோ அடைவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அதனால் பதக்கத்தோடு வரும் கதைகளை ஆதாரமில்லாமல் கேட்லாக்கில் ஏற்றாதீர்கள்.

பதக்கத்தைத் துலக்கவே துலக்காதீர்கள். நைட்ரைல் கையுறை போட்டுத் தொடுங்கள். பிவிசி உறைகளைத் தவிர்த்து அமிலமற்ற காகிதத்தில் பொதியுங்கள்.

உள்ளே நுழைவது எப்படி

வியாபாரியாகத் தொடங்குவதைவிட அருங்காட்சியகத்தின் பொருள்காப்பறையில் தன்னார்வலராகத் தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அங்கே குடும்பத்திடமிருந்து நேரே வந்த, சந்தேகமற்ற பதக்கங்களைக் கையில் எடுத்துப் பழகலாம். அசலைத் தொட்டுப் பழகிய விரலுக்குப் போலி தானாகவே உறுத்தும். வடிவமைப்பு, வண்ணம் பற்றிய அதிகாரப்பூர்வ விவரத்துக்கு வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரில் உள்ள ராணுவச் சின்னவியல் நிறுவனத்தின் வெளியீடுகளே அடிப்படை. 1950-இல் தொடங்கிய அமெரிக்க ஆர்டர்கள் மற்றும் பதக்கங்கள் சங்கத்தில் உறுப்பினராகி, அதன் இதழின் பழைய பிரதிகளைப் படியுங்கள். கென்டக்கியின் லூயிவில் நகரில் ஆண்டுதோறும் கூடும் ராணுவப் பொருள் சந்தைக்கு ஒரு தடவையாவது போய், ஒன்றும் வாங்காமல், மேசை மேசையாக நின்று கேள்வி கேளுங்கள்.

விண்ணப்பத்தோடு பட்டச் சான்றிதழ் மட்டும் அனுப்பினால் பத்தோடு பதினொன்றாகிவிடுவீர்கள். நீங்களே எழுதிய இரண்டு விவரக் குறிப்புகளை இணையுங்கள். ஒன்று, ஆவணத்தோடு ஆளை நிறுவிய தொகுப்பு: முன்புறம், பின்புறம், விளிம்பு, ஊசிச் சட்டம் என்று நான்கு படங்கள், அளவு, தேய்மானம், கைமாறி வந்த வழி, பார்த்த ஆவணங்களின் பெயர். மற்றொன்று, ஆளை நிறுவ முடியாத தொகுப்பு. இரண்டாவதில் எதுவரை தேடினீர்கள், எங்கே நின்றீர்கள், குடும்பம் சொன்னது எது, நீங்கள் சரிபார்த்தது எது என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். வேலைக்கு எடுப்பவர் முதலில் படிப்பது இரண்டாவதைத்தான்.