ராகு காலம் – ஒரு கணக்கு



தினசரி காலண்டர் தாளைக் கிழித்தால் முதலில் கண்ணில் படுவது ராகு காலம். அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வோமா?

நாழிகை: நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். 1 நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை சேர்ந்தால் 1 மணி. 2 நாழிகை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில்.

ராகு காலம்: உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை 8 பங்கு போட வேண்டும். ஒரு பங்கு ராகு காலம். திங்கள் 2-ஆம் பங்கு, பிறகு வரிசையாக சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், கடைசி 8-ஆம் பங்கு ஞாயிறு. மறக்காமல் இருக்க நானும் என் தோழியும் ஒரு வாக்கியம் கட்டினோம்: "தினமும் சந்தையில் வெங்காயம், புளி விற்கும் செல்லம்மா ஞாயக்காரி." முதல் எழுத்துகளைப் பாருங்கள்!

காலை 6 முதல் மாலை 6 வரை பகல் என்று வைத்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி. அதனால்தான் திங்கள் 7.30 – 9, ஞாயிறு 4.30 – 6 என்று காலண்டரில் போடுகிறார்கள்.

ஆனால் சூரியன் தினமும் 6 மணிக்கா உதிக்கிறது? சென்னையில் ஜூன் 21 வாக்கில் உதயம் சுமார் 5.43, அஸ்தமனம் சுமார் 6.38. ஒரு பங்கு 97 நிமிடம் வருகிறது. அப்போது ஞாயிறு ராகு காலம் 5.01 முதல் 6.38 வரை. டிசம்பர் 21 வாக்கில் உதயம் 6.26, அஸ்தமனம் 5.48. அப்போது 4.23 முதல் 5.48 வரை.

கடிகாரமும் மாறியதுதான். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வானியல் ஆய்வுக்கூடத்தை வைத்து முன்பு 'மெட்ராஸ் நேரம்' இருந்தது. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் வந்தபோது கடிகார முள்ளை சுமார் 9 நிமிடம் முன்னால் தள்ளினார்கள். சூரியனை யார் தள்ள முடியும்?

மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்கும் என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "செவ்வாக்கெழமை மூணு மணிக்கு துர்க்கைக்கு எலுமிச்சம்பழ வெளக்கு போட வர்றவங்க என்கிட்டதான்டி பூ வாங்குறாங்க. கெட்ட நேரம்னா எனக்கு யாவாரம் ஏது?" என்று சிரித்தார். ஒருவர் ஒதுக்கும் நேரத்தில் இன்னொருவர் சாமி கும்பிடுகிறார்!

எங்கள் தெருவில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். "ஒம்பது அடிக்கட்டும், கெளம்பலாம்" என்று திண்ணையிலேயே வைத்திருந்தார்கள். "ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்று டாக்டர் திட்டினாராம். குழந்தை பிழைத்தது. அந்த ஒரு மணி நேரம் அது பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

நல்ல காரியத்துக்கு நேரம் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் நோய்க்கும் ஆபத்துக்கும் காலண்டர் பார்க்காதீர்கள். இதை வீட்டிலும் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்: இன்றைய உதயம், அஸ்தமனம் பார்த்து இன்றைய ராகு காலத்தைக் கணக்கிடுங்கள். காலண்டரோடு எத்தனை நிமிடம் வித்தியாசம்?



– 9-ஆம் வகுப்பு மாணவி